பரோனின் வெற்றுக் கடிதங்கள்

பலெர்மோவின் லிபெர்த்தா பகுதியில், நாய்கள்கூடத் தலைவாரிக்கொண்டு உலாவப் போகும் ஒரு தெருவிலே, ஐந்து மாடிக் கட்டடமொன்றின் படிக்கட்டடியில் ஒரு கல் மனிதர் நின்றார். மார்புக்குக் கீழே ஆள் இல்லை. மார்புக்கு மேலே இருந்த தாடியை வழித்தெடுத்தால் மூன்று தலையணைக்குக் காணும். பீடத்தில் பெயர் வெட்டியிருந்தது: பரோன் மெல்கியோரே கரபில்லோ. அதன் கீழே, தீவு முழுவதற்கும் தபால் தலைவராக இருந்தவர் என்ற விபரமும், கால் உடைந்த சில வருட எண்களும்.

1996ஆம் ஆண்டு பங்குனி மாதம் வரை அவர் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. பங்குனியில் கட்டடத்துக்காரர் எல்லோரும் கூடி லிப்ற் ஒன்று பூட்டுவதென்று பேசினார்கள். லிப்ற் பூட்ட அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரேயொரு இடம். அந்த இடத்தில்தான் பரோன் நின்றார். அவர் நின்ற நிலம், அந்தக் காலத்து உறுதிப் பத்திரப்படி, கரபில்லோ குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் பலெர்மோவில் மிஞ்சியிருந்தது நாலாம் மாடியில் தனியே வாழ்ந்த, கலியாணம் கட்டாத, எண்பத்துமூன்று வயதுச் சிஞ்ஞோரினா ஒர்த்தென்சியா. முழங்கால் இரண்டும் தேய்ந்து, மூன்று வருடமாகத் தெருவை மேலே இருந்து மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர். உலகத்தில் லிப்ற் வேண்டாமென்று அடம்பிடித்த ஒரே நாலாம் மாடிக்காரி அவராகத்தான் இருக்கும்.

இந்த அடத்துக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் மாக்கிரட். ஒன்பது வருடமாகச் சிஞ்ஞோரினாவுக்குச் சமைத்து, தோய வார்த்து, மருந்து கொடுத்து, ஏச்சு வாங்கி, திருப்பி ஏசி வருபவர். அவருடைய கணவர் ஏர்னஸ்ற் மன்னார்ப் பக்கத்து உப தபால் கந்தோர் ஒன்றில் முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்து, ஓய்வு பெற்று, இரண்டு வருடத்துக்கு முன்புதான் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார். காலையில், தாங்கள் குடியிருந்த சீசாப் பகுதியிலிருந்து பஸ்ஸில் மனைவியோடு வந்து சந்தைப் பையைத் தூக்கிக்கொடுப்பது அவருடைய உத்தியோகம். படிகள் நூற்றிப் பன்னிரண்டு. ஏர்னஸ்ற் ஒவ்வொரு நாளும் எண்ணினார். ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது. அன்று முன்னூற்றி நாற்பதில் நின்று மூச்சு வாங்கினார்.

"உந்தக் கல்லை வீட்டுக்குள்ளை எடுத்து வைக்கச் சொல்லி மனிசியிட்டைச் சொல்லுமன்," என்றார்.

"சொல்லாமல் விட்டனானோ? விசரனோடை ஒரு வீட்டிலை இருக்கமாட்டாவாம்."

"அப்ப நிலவறையிலை போடட்டும்."

"அதுக்கும் விடமாட்டா. கரபில்லோக்கள் தங்கடை ஆளைத் தாங்களே குப்பையிலை எறிஞ்சவை எண்டு ஊர் சொல்லுமாம். உள்ளுக்கும் வேண்டாம், வெளியிலையும் வேண்டாம். அந்தாள் அந்தரத்திலையே நிக்கட்டாம்."

"நல்ல பகிடி."

"பகிடியோ? மிலானிலையிருந்து அவவின்ரை மருமகன், தமையன்ரை மகன், நேற்று ரெலிபோன் எடுத்தவன். வைகாசி பதினைஞ்சிலை கூட்டம். அண்டைக்கு அவ லிப்ற்றுக்குக் கையெழுத்து வைக்காட்டி, அங்கை ஒரு வயோதிபர் மடத்திலை கொண்டுபோய் விடுறானாம். அவ போனால் என்ரை வேலை போச்சு. வேலை போனால் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை இங்கை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க நான் என்னத்தைக் காட்டுறது, உங்கடை ஓய்வூதியப் புத்தகத்தையோ?"

ஏர்னஸ்ற் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார். ஆனால் 'விசரன்' என்ற சொல் காதில் ஒட்டிக்கொண்டது. ஒரு தபால் தலைவருக்கு எப்படி விசர் பிடிக்கும்? தபால்காரருக்குக் கால்வலி வரும், இளைப்பு வரும், ஊர்ச் சண்டை எல்லாம் தெரிந்துபோகும். விசர் பிடித்து அவர் கண்டதில்லை.

சிஞ்ஞோரினாவுக்குச் சிறு வயதில் வைத்திருந்த ஆங்கில ஆசிரியையின் புண்ணியத்தில் ஆங்கிலம் வரும். ஏர்னஸ்ற்றுக்குத் தபால் திணைக்களத்தின் புண்ணியத்தில் வரும். இரண்டு பேருடைய ஆங்கிலமும் அறுபது வருடப் பழசாக இருந்ததால் நன்றாகவே ஒத்துப்போயின. அன்று கோப்பி குடிக்கும்போது ஏர்னஸ்ற் மெல்லக் கேட்டார்.

"உங்கள் பூட்டனாருக்கு என்ன நடந்தது?"

அவர் தயங்குவார் என்று ஏர்னஸ்ற் எதிர்பார்த்தார். சிஞ்ஞோரினாவோ எண்பது வருடமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர் போலத் தொடங்கினார்.

பரோன் இருபத்திரண்டு வயதில், 1848 கிளர்ச்சியின்போது, தெருவில் குவித்த கதிரை மேசைகளின்மேல் ஏறி நின்று அரசனை ஏசினாராம். ஏசிய ஏச்சில் ஆறு மாதம் தொண்டை திறக்கவில்லை. கிளர்ச்சி தோற்றதும் எலுமிச்சம்பழக் கூடைக்குள் ஒளித்து மால்ட்டாவுக்கு ஓடினார். வாளைக் கையால் தொட்டிராத மனிதர் அங்கே பன்னிரண்டு வருடம் வாள்வீச்சு ஆசிரியராகப் பிழைத்தார். 1860இல் அரசன் போனதும் திரும்பி வந்தார். பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். அன்றைய தலைநகரான தூரினில், சிசிலியின் கோவேறு கழுதைப் பாதைகளைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு முடிவதற்குள் இரண்டு உறுப்பினர்களுக்குத் தாடி வளர்ந்துவிட்டதாம். இந்த ஆளைத் தூரினிலிருந்து கிளப்பினால் போதுமென்று 1863இல் தீவின் தபாலுக்குத் தலைவராக்கி அனுப்பிவைத்தார்கள்.

"பெயருக்குக் கொடுத்த பதவி. கதிரையில் இருந்து தூங்குவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் தூங்கவில்லை. அதுதான் வினை," என்றார் சிஞ்ஞோரினா.

"என்ன செய்தார்?"

"கடிதம் எழுதினார்."

"தபால் தலைவர் கடிதம் எழுதினால் என்ன?"

"தன் வீட்டுக்கே எழுதினார். இல்லாத ஆட்களின் பெயருக்கு. உள்ளே ஒரு சொல்லும் இல்லை, வெறும் தாள்."

1865 கார்த்திகையில், தலைநகர் மாறிப்போயிருந்த புளோரன்ஸில், பாராளுமன்றத்தில் ஒரு மந்திரி எழுந்து, பியெத்ராமுத்தா என்ற மலையூரில் போட்டு, வழியில் யாரோ பிரித்துக் கொடுத்த கடிதம் ஒன்றை உயர்த்திக் காட்டினார். 'கொன்சேத்தா லோ புவே, துணி துவைப்பவள்' என்று பெயர். கீழே பரோனின் வீட்டு விலாசம். மந்திரி அதை விரித்து, தொண்டையைச் செருமி, வெற்றுத் தாளைச் சத்தமாக 'வாசித்தார்'. சபை பதினொரு நிமிடம் சிரித்தது. இன்னும் உறுப்பினராக இருந்த பரோன் எழுந்தார், தலையைத் தாழ்த்தினார், திரும்பக் கதிரையில் இருந்தார். அடுத்த நாள் பதவியை விட்டார். சாகும்வரைக்கும் அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

"செத்த பிறகு ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. அதே மாதிரி நானூறு கடிதம். பாதிரிமார், விதவைகள், கனவான்கள், கோழி விற்கிறவள், ஒருவரும் பிறந்ததே இல்லை. ஊர் கேலி செய்ததால் மகன் வீம்புக்குச் சிலை வைத்தார். நான் சின்னப் பிள்ளையில் கண்ணை மூடிக்கொண்டுதான் அவரைக் கடந்து ஓடுவேன். திறந்தால் எனக்கும் பிடித்துவிடும் என்று பயம்."

பிறகு குரலைத் தாழ்த்தி மாக்கிரட்டைக் கூப்பிட்டார்.

"மார்கெரீத்தா, அந்தப் பெட்டி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு. மருமகன் வருகிறான். குடும்பத்தில் விசர் ஓடுகிறது என்று காட்ட அவனுக்கு அது ஒன்றே போதும்."

மாக்கிரட் பெட்டியை இறக்கிக் குசினிக்குக் கொண்டுவந்தார். குப்பைப் பையை விரித்தார். ஏர்னஸ்ற் குறுக்கே நின்றார்.

"தபாலை எறிய ஏலாது."

"என்னப்பா தபால்? ஆக்கள் இல்லாத கடிதம்."

"ஆள் இல்லாட்டி எறியிறேல்லை. உடையவர் இல்லை எண்டு எழுதித் திருப்பி அனுப்புறது. சட்டம் இருக்கு."

"திருப்பி அனுப்ப உந்தக் கல்லுத்தான் இருக்கு. போய் அதின்ரை வாய்க்குள்ளை தள்ளுங்கோ."

ஏர்னஸ்ற் சிஞ்ஞோரினாவிடம் போய், எறிவதற்கு முன் ஒரு கிழமை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டார். கிழவிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் யாராவது பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும், அந்த ஆள் தானாக மட்டும் இருக்கக்கூடாது என்ற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை அசைத்தார்.

பெட்டியில் நானூற்றிப் பன்னிரண்டு கடிதம் இருந்தது. தபால் தலைகளை யாரோ ஒரு சேகரிப்பாளர் எப்போதோ வெட்டியெடுத்திருந்தார். முத்திரைகள் மிஞ்சியிருந்தன: முன்பக்கத்தில் புறப்பட்ட ஊரும் தேதியும், பின்பக்கத்தில் பலெர்மோ வந்து சேர்ந்த தேதியும். ஏர்னஸ்ற் வாசனை பிடித்தார். நூற்றிமுப்பது வருடத்துப் பசையும் பழந்தாளும் மூக்கில் ஏறியதும் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டு வருடமாகப் படுத்திருந்த தபாலதிபர் உள்ளே எழுந்து உட்கார்ந்தார்.

சாப்பாட்டறையின் தரை கறுப்பும் வெள்ளையுமான சதுரக் கல். கந்தோரில் கடிதம் பிரிக்கும் புறாக்கூட்டு அலுமாரி மாதிரி ஒரு கல் ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டு தரையில் முழங்காலில் நின்று பிரிக்கத் தொடங்கினார். முப்பத்தொரு வருடம் பழகிய கை. போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்துப் பார்த்து மின்னலாக எறிந்தது. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. நானூற்றிப் பன்னிரண்டும் ஒரே கல்லில், ஒரே குவியலாகக் கிடந்தது.

மாக்கிரட் துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்தார்.

"நல்லாப் பிரிச்சிருக்கிறீங்கள்," என்றார். "உந்த வேலைக்கு அரசாங்கம் சம்பளம் தந்ததோ?"

எல்லாம் ஒரே ஊருக்கு வந்த கடிதம் என்பதைக் கை மறந்துபோயிருந்தது. ஏர்னஸ்ற் மறுபடி தொடங்கினார். இந்த முறை புறப்பட்ட ஊர் பார்த்து. மத்தியானத்துக்குள் தரையில் சிசிலி முழுவதும் பரவியது. மாக்கிரட் கத்தானியாவைத் தாண்டி, சிராக்கூசாவைச் சுற்றி, ஒற்றைக் காலில் குசினிக்குப் போய்வந்தார்.

"சூப்புக் கோப்பையோடை நான் விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு."

"கொஞ்சம் பொறும். இதைப் பாரும்."

பியெத்ராமுத்தாவின் கல்லில் குவிந்தவற்றிலிருந்து இரண்டு கடிதத்தை எடுத்தார். இரண்டிலும் 1863 ஆவணி நாலாம் தேதி முத்திரை. ஒன்று 'கவலியேரே அல்போன்சோ தெ மாரியா' என்ற கனவானுக்கு, இல்லாத கனவான். மற்றது கொன்சேத்தா லோ புவே என்ற, பாராளுமன்றத்தில் பிறகு புகழ்பெற்ற, இல்லாத சலவைக்காரிக்கு. ஏர்னஸ்ற் இரண்டையும் திருப்பினார். கனவானின் கடிதம் மூன்று நாளில் பலெர்மோ வந்திருந்தது. சலவைக்காரியின் கடிதத்துக்குப் பத்தொன்பது நாள்.

"ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வீடு," என்றார் ஏர்னஸ்ற். "ஒண்டு குதிரையிலை வந்திருக்கு. மற்றது நடந்து வந்திருக்கு."

மாக்கிரட் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்தார்.

"உள்ளுக்கு மூலையிலை பென்சிலாலை என்னவோ எழுதியிருக்கே?"

வெற்றுத் தாளின் மூலையில் எறும்பளவில் ஓர் எண். கனவானின் தாளில் 3. சலவைக்காரியின் தாளில் 19. சிஞ்ஞோரினாவின் குடும்பத்தில் அந்த எண்களை லொத்தர்ச் சீட்டு எண்கள் என்று நம்பி ஒரு சித்தப்பா நாற்பது வருடம் கட்டிப் பார்த்தாராம். அந்த எண்கள் நாட்கணக்கு என்பதை அறிய அவருக்கு ஒரு தபாலதிபர் உறவில் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏர்னஸ்ற் சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, கோயிலில் பூசைக்கு நடுவில்கூட விரலை மடக்கி நாள் எண்ணினார். சோடி சோடியாகக் கடிதங்கள் சேர்ந்தன. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது. பரோன் வண்டிக்காரர், பழ வியாபாரிகள், போகிற வருகிற எல்லோரையும் பிடித்து எழுதுவித்துப் போடச் சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் பெரிய ஆளுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று. 1863இல் ஏழையின் கடிதம் பதினாறு, பதினேழு, இருபது நாள். 1864இல் பத்து. 1865 ஆடியில் பியெத்ராமுத்தாவைத் தவிர மற்ற எல்லா ஊரிலும் கனவானும் சலவைக்காரியும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். அந்த ஒரு ஊர்த் தபாலதிபர் மட்டும் அசையவில்லை.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஏர்னஸ்ற் சிஞ்ஞோரினாவைக் கதிரையோடு தள்ளிக்கொண்டுவந்து தரையைக் காட்டினார். ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆனால் ஆர்வம் மேலிட்டதும் ஆங்கிலம் அவரைக் கைவிட்டது. தமிழில் பொழிந்தார், மாக்கிரட் பக்கத்தில் நின்று இத்தாலியில் சொன்னார். அவர் ஐந்து நிமிடம் பேசியதை மாக்கிரட் அரை வசனத்தில் முடித்தார்.

"இவ்வளவு நேரம் சொன்னன், நீர் என்ன சொன்னனீர்?"

"உங்கடை பூட்டனாருக்கு விசர் இல்லை, என்ரை மனிசனுக்குத்தான் எண்டு சொன்னனான். மிச்சத்தைச் சொல்லுங்கோ."

சிஞ்ஞோரினா கடிதச் சோடிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"அப்படியென்றால் அவர் ஏன் எழுந்து சொல்லவில்லை? 'இது சோதனைக் கடிதம்' என்று ஒரு வசனம். சிரித்தவர்கள் வாயை மூடியிருப்பார்கள். பதவி மிஞ்சியிருக்கும். இல்லை சிஞ்ஞோர் ஏர்னஸ்ற், சுகமான புத்தியுள்ள மனிதன் அதைச் சொல்லியிருப்பான்."

ஏர்னஸ்ற்றுக்கு விடை தெரியும். ஒரு கிழமையாகத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது.

"எங்கடை கந்தோருக்கும் இன்ஸ்பெக்டர் சோதனைக் கடிதம் அனுப்புறவர்," என்றார், மாக்கிரட்டைப் பார்க்காமல். "சும்மா ஆரோ எழுதின மாதிரி. எத்தினை நாளிலை போய்ச் சேருது எண்டு பாக்கிறதுக்கு. ஆனால் அந்தாள் எப்பவும் பச்சை மையாலை விலாசம் எழுதும். பச்சை மையைக் கண்டால் நாங்கள் அந்தக் கடிதத்தை முதல் பையிலை, எல்லாத்துக்கும் மேலை வைச்சுக் கட்டுவம். மற்றதெல்லாம் ஆறுதலாப் போகும். முப்பத்தொரு வருசமும் எங்கடை கந்தோர்தான் மாவட்டத்திலையே திறம் எண்டு சேர்டிபிக்கற் தந்தவை."

மாக்கிரட் வாயைப் பிளந்தார்.

"உந்தச் சேர்டிபிக்கற்றையோ சட்டம் போட்டு மாட்டி வைச்சிருக்கிறீங்கள்? சீசாவிலை, மடு மாதா படத்துக்குப் பக்கத்திலை?"

"மொழிபெயரும்," என்றார் ஏர்னஸ்ற்.

மாக்கிரட் இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார். கொஞ்சம் சேர்த்தும் சொன்னார் போலிருந்தது. ஏனென்றால் சிஞ்ஞோரினாவின் தோள் குலுங்கியது.

"அதுதான் காரணம்," என்று ஏர்னஸ்ற் தொடர்ந்தார். "எது சோதனை எண்டு தபால்காரனுக்குத் தெரிஞ்சால் சோதனை செத்துப்போம். அவர் எழும்பி ஒரு வசனம் சொல்லியிருந்தால், தீவு முழுக்க அண்டைக்கே கதை போயிருக்கும்: பரோன்ரை வீட்டு விலாசத்தைக் கண்டால் கவனம், மற்றச் சலவைக்காரியளின்ரை கடிதத்தை மூலையிலை போடு எண்டு. விசரன், இல்லாட்டிச் சலவைக்காரியோடை தொடுப்பு எண்டு நினைச்சுச் சிரிச்சால் ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. அவர் சிரிக்க விட்டிட்டார்."

"அது உங்கள் ஊகம்," என்றார் சிஞ்ஞோரினா.

ஏர்னஸ்ற் சன்னலடியில் இருந்த கடைசிக் கறுப்புக் கல்லைக் காட்டினார். அதில் முப்பத்தொன்பது கடிதம்.

"இது எல்லாம் அவர் பதவியை விட்ட பிறகு போட்டது. மார்கழியிலையிருந்து பங்குனி வரைக்கும். சம்பளமில்லை, கதிரையில்லை, ஊர் முழுக்கப் பகிடி. கொன்சேத்தாவின்ரை பேர் நாறிப்போச்சு எண்டு அவளை நிப்பாட்டிப்போட்டு ரோசா கன்னிட்சோ எண்டு ஒரு முட்டைக்காரியைப் பிறப்பிச்சிருக்கிறார். வீட்டு விலாசத்தையும் மாத்தி, பக்கத்துத் தெருப் பாண் கடைக்கு வரப் பண்ணியிருக்கிறார். பின்பக்கத்தைப் பாருங்கோ."

சிஞ்ஞோரினா முட்டைக்காரியின் கடிதமொன்றை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பியெத்ராமுத்தா, மாசி ஒன்பது. பலெர்மோ, மாசி பன்னிரண்டு. மூலையில் பென்சிலால் ஒரு 3. அதன் கீழே, நானூற்றிப் பன்னிரண்டு கடிதத்திலும் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னக் கோடு, எண்ணுக்கு அடியில். அழுத்திப் போட்ட கோடு. தாள் மறுபக்கம் புடைத்திருந்தது.

கிழவி அந்தப் புடைப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு களைப்பாக இருக்கிறதென்று அறைக்குப் போய்விட்டார். கையெழுத்து வைப்பதா இல்லையா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாக்கிரட் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. ஏர்னஸ்ற்றும் கொள்ளவில்லை, அவர் கூட்டத்தில் பேசுவதற்கு ஆங்கிலத்தில் உரை தயாரித்துக்கொண்டிருந்தார். பதினான்கு பக்கம். மூன்று அட்டவணை.

வைகாசி பதினைந்து மாலை, சிஞ்ஞோரினா இறங்க முடியாதபடியால், கட்டடத்தார் எல்லோரும் அவருடைய வரவேற்பறைக்கே ஏறி வந்தார்கள். இருபது பேர் இருக்கும்; ஏர்னஸ்ற்றின் கண்ணுக்கு அது புளோரன்ஸ் பாராளுமன்றம். தலைமை தாங்கியவர் இரண்டாம் மாடிப் பல் வைத்தியர். மிலான் மருமகன், கழுத்துப்பட்டியில் சுருக்கம் விழாமல் எப்படி நாலு மாடி ஏறினார் என்று தெரியாத ஒருவர், சன்னலடியில் பயணப்பையோடு நின்றார். மாக்கிரட் கோப்பித் தட்டோடு வாசலில் நின்றார். ஏர்னஸ்ற் ஒரு மூலையில், கோட்டுப் பையில் பதினான்கு பக்கத்தோடு.

"ஆக," என்றார் பல் வைத்தியர், "எங்களுக்கும் லிப்ற்றுக்கும் நடுவில் ஒரேயொரு கனவான் நிற்கிறார். அவரிடம் எழுதிக் கேட்கலாம். ஆனால் அவருக்கு வந்த கடிதங்களை அவரே எழுதியதாக அல்லவா கேள்வி?"

அறை சிரித்தது. பதினொரு நிமிடம் இல்லை. அரை நிமிடம் இருக்கும். ஆனால் மருமகன் மற்றவர்களை விடக் கொஞ்சம் நீட்டிச் சிரித்தார்.

ஏர்னஸ்ற் எழுந்தார். பையில் கையை விட்டார். தொண்டையைச் செருமினார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு மேடையும் கிடைக்காத மனிதர். இந்த மேடை கிடைத்துவிட்டது.

சிஞ்ஞோரினா ஊன்றுகோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். ஏர்னஸ்ற்றைப் பார்த்தார். தலையை மிக மெல்ல, ஒரு பக்கமும் மறுபக்கமும் அசைத்தார்.

ஏர்னஸ்ற் நின்றார். பதினான்கு பக்கத்தையும் பைக்குள் திரும்பத் தள்ளினார். பிறகு, மனிதனுக்கு மனிதன் செய்யக்கூடிய ஆகப் பெரிய தியாகம் அதுதான் என்பது போல, திரும்பக் கதிரையில் இருந்தார்.

கிழவி ஒருவருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. சிரிப்பு தானாக ஓய்ந்து, ஆட்கள் சங்கடப்பட்டு இருமத் தொடங்கும்வரை காத்திருந்தார். தன் பூட்டனார் செய்தது போலவே தலையைச் சற்றுத் தாழ்த்தினார்.

"லிப்ற்றைப் பூட்டுங்கள்," என்றார். "தாளைக் கொண்டுவாருங்கள், வைத்தியரே. பரோன் என்னோடு இருப்பார்."

"இங்கேயா?" என்றார் மருமகன். "வீட்டுக்குள்ளேயா? அத்தை, நீங்கள்தானே அவரோடு ஒரு கூரையின் கீழ்..."

"சாப்பாட்டறையில். எனக்கு எதிர்க் கதிரையில். எண்பது வருடமாக நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததில்லை."

கையெழுத்து விழுந்தது. மாக்கிரட் கோப்பித் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், குளிர்ப்பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் அதன் குளிரில் முகத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

ஏர்னஸ்ற் பின்னாலே வந்தார்.

"ஒரு பக்கமாவது வாசிக்க விட்டிருக்கலாம்," என்றார்.

"வாசிச்சிருந்தால் அவன் மருமகன் எங்கள் எல்லாரையும் ஒண்டா மடத்திலை சேர்த்திருப்பான்," என்றார் மாக்கிரட். முகம் நனைந்திருந்தது, குளிரால் அல்ல. "பேசாமல் வாங்கோ. நீங்கள் திரும்பக் கதிரையிலை இருந்ததுதான் இண்டைக்குத் திறமான பேச்சு."

லிப்ற் வேலைக்காரர் வருவதற்கு முன் பரோன் இடத்தை விட வேண்டும். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, சூசைதாசனும் கொன்ஸ்ரன்ரைனும், இருவரும் ஏர்னஸ்ற்றோடு பூசைக்கு வரும் தமிழர்கள், தளபாடக் கடையில் சாமான் ஏற்றி இறக்குபவர்கள், கயிறும் பலகையும் கொண்டு வந்தார்கள். அவர்களோடு சீசாவில் மேல்வீட்டில் இருந்த மொரிசியஸ்காரர் தேவெனும் வந்தார். லிப்ற் வருவதற்கு முந்திய கிழமை, அந்தக் கட்டடத்தில் படியால் ஏறிய கடைசிப் பாரம் பரோன்தான். எடை நூற்றியெண்பது கிலோ என்று சூசைதாசன் சொன்னார். ஏர்னஸ்ற்றின் கணக்கில் அது ஒரு தொன்னைத் தாண்டியது. அவர் பிடித்தது தாடியின் நுனியை மட்டும்தான்.

"ஆர் அண்ணை இந்தாள்?" என்று இரண்டாம் மாடியில் மூச்சிரைத்தபடி சூசைதாசன் கேட்டார். "தாடியைப் பாத்தால் சூசையப்பர் மாதிரி இருக்கு."

"உள்ளூர்ப் புனிதர் போலை," என்று கொன்ஸ்ரன்ரைன் சிலுவை போட்டுக்கொண்டார். கயிற்றில் ஒரு கை குறைந்ததில் பரோன் ஓர் அடி பின்னுக்கு வழுக்கினார்.

"பிடியடா, கும்பிடுறதை மேலை போய்ச் செய்யலாம்," என்றார் ஏர்னஸ்ற். யாரென்று சொல்ல வாய் துடித்தது. பல் வைத்தியரின் கதவு பாதி திறந்திருந்தது. சொல்லவில்லை. நாலாம் மாடி வரைக்கும் அதை விழுங்கிக்கொண்டே ஏறினார். அது கல்லை விடப் பாரமாக இருந்தது.

சிஞ்ஞோரினா சாப்பாட்டறையில் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார். பரோனை எதிரே இறக்கி வைத்தார்கள். கல் தரையில் ஒரு சத்தம் கேட்டது. கறுப்புக் கல் ஒன்று மூலையில் வெடித்தது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கிழவி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, இரண்டு கையையும் நாடிக்குக் கொடுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த முகத்தை ஒரு நல்ல நேரம் பார்த்தார்.

"இவருக்கு இடது கண் சற்றுச் சின்னது," என்றார். "எனக்கும் அப்படித்தான்."

மாக்கிரட் நெருங்கி வந்தார். பரோனின் தாடி மடிப்புகளுக்குள் நூறு வருடத்துத் தூசியும், ஒரு சிலந்திக் குடும்பமும், யாரோ செருகிவிட்ட பஸ் ரிக்கற் ஒன்றும் இருந்தன. விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை ஏர்னஸ்ற்றுக்குக் காட்டினார்.

"இனி இந்தாளையும் நான்தான் தோய வார்க்கோணும்," என்றார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "சுடுதண்ணி கொண்டு வாங்கோ."

ஏர்னஸ்ற் கேத்திலை எடுக்கப் போனார்.